ரேடார் காட்டாத ஆலங்கட்டி

வானும் வழியும் – 14

சென்ற இதழை நாகபுரியில் நிறுத்தியிருந்தோம். 1949 முதல் சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் கிளம்பிய இரவு அஞ்சல் விமானங்கள் நள்ளிரவில் அங்கே கூடின. தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. முன்னால் நிற்கும் மேகம் எப்படிப்பட்டது என்று அந்த டக்கோட்டா விமானிகளுக்குச் சொல்ல இருந்தது மின்னல் ஒன்றுதான். மின்னினால் அந்த நொடியில் மேகத்தின் உருவம் தெரியும். மின்னாவிட்டால் மேகமும் இருட்டும் ஒன்றுதான்.

இருட்டிலும் மேகத்தைக் காட்டும் கருவி அதற்குப் பிறகு விமானத்தின் மூக்குக்குள் வந்து உட்கார்ந்தது. அது வந்த கதை சுவையானது. வந்த பிறகு அது எதையெல்லாம் காட்டாமல் விடுகிறது என்று விமானிகள் கண்டுகொண்ட கதை அதைவிட முக்கியமானது. இரண்டையும் இந்த இதழில் பார்ப்போம்.

மேற்கே கருக்கும் வானம்

கோடை மழை எந்தத் திசையிலிருந்து வரும் என்று அம்பத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மே முதல் செப்டம்பர் வரை, வெயில் கொளுத்திய நாளின் மாலையில் ஆவடிப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தால், சி.டி.எச். ரோட்டுக் கடைகளில் தார்ப்பாய் இறங்கிவிடும். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வண்டியை மிதிப்பார்களே தவிர நின்று பார்க்க மாட்டார்கள்.

இந்த மழை இங்கே பிறப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மாதங்களில் உள்நாட்டிலிருந்து மேலைக்காற்று வறட்சியாகவும் சூடாகவும் வீசும். நண்பகலுக்குப் பிறகு வங்கக் கடலிலிருந்து ஈரமான கடற்காற்று நகருக்குள் நுழையும். இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் சென்னையின் மேற்கு விளிம்பு: ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் வட்டாரம். மோதிய காற்றுக்குப் போக வேறு வழி இல்லை, மேலே ஏறுகிறது. ஏறும்போது ஈரம் நீர்த்துளியாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் 15 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு இடிமேகம் எழுந்து நின்றுவிட முடியும். பயணிகள் விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். எனவே மேலே ஏறித் தாண்டிவிடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சுற்றித்தான் போக வேண்டும். பெங்களூரு, கோவை, மும்பையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்கள் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்து சேர்கின்றன.

இங்கே ஆலங்கட்டி எங்காவது ஒருமுறை விழுந்தால் அது செய்தி. அதனால் நம் மேகங்களில் ஆலங்கட்டி இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தமிழ்நாட்டின் மேல் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்குவது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில். அதற்கு மேலே உருவாகும் பனிக்கட்டிகள் 5 கிலோமீட்டர் சூடான காற்றின் வழியே இறங்கும்போது கரைந்து, அம்பத்தூரில் விழும்போது கொழுத்த மழைத்துளியாக விழுகின்றன. விமானம் போகும் உயரத்தில் அவை கரையாத கட்டிகள்தான். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தின் மூக்கிலும் கண்ணாடியிலும் அவை மோதும்போது கல்லடிக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

கல்கத்தா, 1953

இடிமேகம் விமானத்தை என்ன செய்யும் என்பதை உலகுக்குக் கடுமையாக உணர்த்திய நிகழ்வுகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது. 1952 மே 2 அன்று பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் விமானம் உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 மாலை, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த இன்னொரு காமெட், கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து டெல்லி நோக்கிப் புறப்பட்டது. வங்காளத்தில் அது காலவைசாகிப் புயற்காற்றின் பருவம். கிளம்பிய ஆறு நிமிடங்களில் விமானத்தோடு தொடர்பு அறுந்தது. நகரிலிருந்து வடமேற்கே ஒரு கிராமத்தருகே சிதறிய பாகங்களைக் கண்டெடுத்தார்கள். விமானத்தில் இருந்த 43 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்திய அரசு அமைத்த விசாரணை நீதிமன்றம், இடியோடு கூடிய சூறைக்காற்றில் விமானத்தின் உடல் வானிலேயே முறிந்தது என்று முடிவு செய்தது. காற்றின் கடுமையான உதறல் காரணமாக இருக்கலாம், அல்லது அந்த உதறலைச் சமாளிக்க விமானி கட்டுப்பாட்டை அளவுக்கு மீறி இழுத்தது காரணமாக இருக்கலாம் என்றது அறிக்கை. அடுத்த ஆண்டு மேலும் இரண்டு காமெட்கள் மத்தியதரைக் கடலில் விழுந்தன. அவற்றில் உலோகச் சோர்வு என்ற வேறொரு குறை வெளிப்பட்டது. கல்கத்தாவின் பாடம் தனியானது. எத்தனை வேகமான விமானமாக இருந்தாலும், அந்த மேகத்துக்குள் நுழையாமல் இருப்பதுதான் வழி. நுழையாமல் இருக்க வேண்டுமானால் முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

1954-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை டம்டம் நிலையத்தில் டெக்கா நிறுவனத்தின் 3 சென்டிமீட்டர் அலை ரேடார் ஒன்றை நிறுவியது. நாட்டில் புயல் மேகங்களைக் கண்டறியத் தரையில் நின்ற முதல் ரேடார் அது.

போரில் தொல்லை, பிறகு கருவி

ரேடாரில் மழை தெரியும் என்று யாரும் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. 1940-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் கேவிட்டி மேக்னட்ரான் என்ற கருவியைச் செய்தார்கள். அதன் மூலம் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள குறுஅலைகளை வலிமையாக உண்டாக்க முடிந்தது. அதற்கு முந்தைய ரேடார்கள் மீட்டர் கணக்கில் நீண்ட அலைகளைப் பயன்படுத்தின. அவற்றுக்கு மழைத்துளி கண்ணில் படவே இல்லை. அலை குறுகியதும் திரையில் எதிரி விமானங்களோடு கூட இனம் தெரியாத திட்டுகளும் தெரிய ஆரம்பித்தன. 1941-இல் இங்கிலாந்துக் கடற்கரையில் இருந்த ஒரு ரேடார் நகரும் மழையை அப்படியே பின்தொடர்ந்து காட்டியது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஜே. டபிள்யூ. ரைடு என்பவர் மழைத்துளியும் பனிக்கட்டியும் அலையை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று கணக்குப் போட்டார். ராணுவத்துக்கு மழை ஒரு தொல்லை. அதை எப்படித் திரையிலிருந்து ஒதுக்குவது என்பதுதான் அவர்களுக்குக் கவலை.

போர் முடிந்ததும் அதே தொல்லை ஆராய்ச்சிப் பொருளாயிற்று. 1946-இல் ஃபுளோரிடாவிலும் 1947-இல் ஒஹையோவிலும் ஹோரஸ் பையர்ஸ் தலைமையில் அமெரிக்கர்கள் இடிமேகத் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். போரில் இரவு வேட்டைக்குப் பயன்பட்ட பி-61 விமானங்கள் 5,000 அடி முதல் 25,000 அடி வரை அடுக்கடுக்காக, ஒரே இடிமேகத்துக்குள் வேண்டுமென்றே நுழைந்தன. உள்ளே போனதும் உயரத்தைக் காப்பாற்றப் போராட வேண்டாம் என்பது விமானிகளுக்கு இட்ட உத்தரவு. காற்று தூக்கினால் ஏற வேண்டும், இறக்கினால் இறங்க வேண்டும். எவ்வளவு ஏறினோம், எவ்வளவு இறங்கினோம் என்பதே அளவீடு. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை நுழைந்து வந்தார்கள். வளரும் பருவம், முதிர்ந்த பருவம், ஓயும் பருவம் என்று இடிமேகத்தின் வாழ்க்கையை இன்று பாடப்புத்தகங்கள் மூன்றாகப் பிரிப்பது அந்தத் திட்டத்தின் விளைவு. அதோடு விமானத் துறைக்கு வேண்டிய ஒரு செய்தியும் கிடைத்தது: மேகத்தில் மழை வலுத்துப் பெய்யும் இடமும் காற்று கொந்தளிக்கும் இடமும் பெரும்பாலும் அருகருகே இருக்கின்றன. ரேடாருக்குக் காற்று தெரியாது, மழை தெரியும். மழையைத் தவிர்த்தால் கொந்தளிப்பையும் ஏறக்குறைய தவிர்த்துவிடலாம்.

1953-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு டக்கோட்டாவின் மூக்கில் ரேடாரைப் பொருத்தி இடிமழைகளுக்கு நடுவே பறக்கவிட்டுச் சோதித்தது. பலன் திருப்தியாக இருக்கவே, தன் விமானங்கள் அனைத்திலும் ரேடாரைப் பொருத்த முடிவு செய்தது. ஜெட் யுகம் வந்தபோது ரேடார் விமானத்தோடு பிறந்த உறுப்பாகிவிட்டது. 1960-இல் ஏர் இந்தியா வாங்கிய போயிங் 707 அப்படிப்பட்டதுதான்.

மூக்குக்குள் அடங்க வேண்டிய கட்டாயம்

எந்த அலையை வைத்துக்கொள்வது என்பதில் தொடக்கத்திலேயே கருத்து வேறுபாடு இருந்தது. யுனைடெட் சோதித்தது 5 சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள அலை. வேறு சிலர் 3 சென்டிமீட்டர் அலையே போதும் என்றார்கள். கடைசியில் வென்றது 3 சென்டிமீட்டர். காரணம் மூக்கின் அளவு.

ரேடார் கற்றை எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பதை அலை நீளமும் ஆன்டெனாவின் அகலமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் இருக்கும் வானிலை ரேடார் 10 சென்டிமீட்டர் அலையைப் பயன்படுத்துகிறது. அதன் தட்டு 8.5 மீட்டர் அகலம். கற்றையின் விரிவு ஒரு டிகிரி. விமான மூக்குக்குள் எழுபது, எண்பது சென்டிமீட்டர் தட்டுக்குத்தான் இடம். அதில் 10 சென்டிமீட்டர் அலையை வைத்தால் கற்றை ஒழுங்கில்லாமல் அகன்றுவிடும். 3 சென்டிமீட்டர் அலையானால் விரிவு சுமார் மூன்றரை டிகிரியில் நிற்கும். சமாளிக்கலாம்.

ஆனால் அலை குறுகக் குறுக மழை அதை விழுங்குவதும் அதிகமாகும். புகைமூட்டத்தில் டார்ச் அடித்தால் முன்னால் இருக்கும் புகை மட்டும் வெளுப்பாகத் தெரியும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கனமழையில் 3 சென்டிமீட்டர் அலையின் கதியும் அதேதான். மூக்கின் அளவுக்காக ஒப்புக்கொண்ட இந்தச் சமரசத்துக்கு என்ன விலை என்பது பின்னால் தெரிந்தது.

சிவப்பும் பச்சையும்

இன்றைய விமானி திரையில் பார்ப்பது பச்சை, மஞ்சள், சிவப்பு, அதற்கும் மேலே மெஜந்தா. திரும்பி வரும் அலையின் வலிமைதான் நிறமாக மாறுகிறது. அந்த வலிமையை நிர்ணயிப்பதில் துளியின் பருமனுக்கு இருக்கும் பங்கு வியப்பானது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகிறது. விட்டத்தின் ஆறாம் அடுக்கில் அது வளர்கிறது. ஆயிரக்கணக்கான நுண்துளிகள் சேர்ந்த வெள்ளை மேகம் ரேடாரில் தெரியவே தெரியாது. சில பெருந்துளிகள் இருந்தால் போதும், திரை சிவக்கும்.

இதிலிருந்துதான் சிக்கலும் வருகிறது. ஈரமான ஆலங்கட்டி, அதாவது கரையத் தொடங்கி நீர்ப்படலம் போர்த்திய கட்டி, ரேடாருக்கு ஒரு ராட்சத நீர்த்துளி போலத் தெரியும். கண்ணைப் பறிக்கும் சிவப்பு. உலர்ந்த பனிக்கட்டி அப்படி அல்ல. அதே பருமனுள்ள நீரோடு ஒப்பிட்டால் அது திருப்பி அனுப்புவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. உறைநிலைக்கு மேலே, விமானம் பறக்கும் 36,000 அடியில், மேகத்தில் இருப்பது பெரும்பாலும் உலர்ந்த பனிதான். அந்த உயரத்தை நேராகப் பார்த்தால் ஒரு பயங்கர மேகம்கூடச் சாதுவான பச்சையாகத் தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

அதனால்தான் விமானி ஆன்டெனாவைக் கீழே சாய்த்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். அவர்கள் வழக்கில் அதற்கு டில்ட் என்று பெயர். கணக்கு சுலபமானது: ஒரு டிகிரி சாய்த்தால், 10 கடல் மைல் தூரத்தில் கற்றை 1,000 அடி இறங்கும், 80 கடல் மைலில் 8,000 அடி. 36,000 அடியில் பறக்கும் விமானி 80 மைலுக்கு அப்பால் இருக்கும் மேகத்தை இரண்டு டிகிரி சாய்த்துப் பார்த்தால், கற்றையின் நடுப்பகுதி 20,000 அடியில் விழுகிறது. அங்கேதான் மேகத்தின் ஈரமான வயிறு இருக்கிறது. கீழே சிவப்பாக இருந்தால், மேலே திரை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகக் கூடாது. 80 மைல் என்பது ஜெட் விமானத்துக்குப் பத்துப் பதினோரு நிமிட தூரம். முடிவெடுக்க, கட்டுப்பாட்டு மையத்தில் அனுமதி கேட்க, திரும்ப எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான் நேரம். இப்போதைய புதிய ரேடார்கள் பல கோணங்களில் தாமாகவே துழாவி மேகத்தின் முழு உருவத்தையும் நினைவில் சேர்த்துக்கொள்கின்றன. ஆனாலும் அவை துழாவுவது நீரைத்தான்.

நிறம் மட்டுமல்ல, வடிவமும் பேசும். விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, கொக்கி போல வளைந்த முனை, பச்சையிலிருந்து சிவப்புக்கு இடைவெளியே இல்லாமல் தாவும் ஓரம், இவையெல்லாம் ஆலங்கட்டிக்கு அடையாளம். வலுத்த இடிமேகத்திலிருந்து 20 கடல் மைலாவது தள்ளிப் போ என்பது பாடம். எந்தப் பக்கமாகத் தள்ளிப் போவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மேகத்தின் உச்சியிலிருந்து காற்று ஆலங்கட்டியை வெளியே வீசக்கூடும். காற்று போகும் பக்கத்தில் தெளிந்த வானத்திலும் கட்டி விழும். எனவே காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போவதே மேல்.

நியூ ஹோப், 1977

3 சென்டிமீட்டர் அலைக்குக் கொடுத்த விலைக்கு வருவோம். 1977 ஏப்ரல் 4 அன்று சதர்ன் ஏர்வேஸ் நிறுவனத்தின் டி.சி.-9 விமானம் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் கடுமையான இடிமழை. விமானத்தில் ரேடார் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அந்தக் காலத் திரைகளில் நிறம் கிடையாது. கறுப்பு, வெளுப்பு இரண்டே. மழையின் உக்கிரத்தைக் காட்ட ஓர் உத்தி செய்திருந்தார்கள்: எதிரொலி ஓர் அளவைத் தாண்டினால் அந்த இடத்தைத் திரையே கறுப்பாக்கிவிடும். வெளுத்த வளையத்துக்கு நடுவே கறுப்பு தெரிந்தால் அதுதான் மேகத்தின் மையம். ஆக, கறுப்பு என்பதற்கு மூன்று பொருள் இருக்க முடியும்: அங்கே மழையே இல்லை, அங்கே மழை மிகக் கடுமை, அல்லது முன்னால் இருக்கும் மழை அலையை விழுங்கிவிட்டதால் அங்கிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. தங்கள் முன் தெரிவது ஓட்டையா இல்லையா என்று இரு விமானிகளும் பேசிக்கொண்டது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. அவர்கள் வழி என்று நினைத்துப் போன பக்கம் மழையும் ஆலங்கட்டியும் கொட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டு எஞ்சின்களும் நின்றன. நியூ ஹோப் என்ற சிற்றூரின் நெடுஞ்சாலையில் இறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. விமானத்தில் 63 பேரும் தரையில் 9 பேரும் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கை பல காரணங்களை அடுக்கியது. புதிய வானிலைத் தகவல் விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை. தரைக் கட்டுப்பாட்டு முறையிலும் குறை இருந்தது. அவற்றோடு ஒன்றையும் சேர்த்தது: இடிமழைப் பகுதிக்குள் ஊடுருவிப் போவதற்கு விமானி ரேடாரை நம்பியது. தவிர்ப்பதற்காகத் தந்த கருவியை நுழைவதற்கு வழிகாட்டியாகப் பயன்படுத்தியதுதான் பிழை என்பது இதன் பொருள். அன்றிலிருந்து ஒவ்வொரு விமானிக்கும் இது சொல்லித்தரப்படுகிறது. 1970-களின் இறுதியில் வண்ணத் திரைகள் வந்து, கறுப்பின் குழப்பம் பெருமளவு தீர்ந்தது. அலை விழுங்கப்படுவது தீரவில்லை. 2002 ஜனவரி 16 அன்று இந்தோனேசியாவில் கருடா நிறுவனத்தின் போயிங் 737, இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு இடையே தெரிந்த இடைவெளியை நம்பிப் போனது. இடைவெளிக்குப் பின்னால் ரேடாருக்கு எட்டாத இன்னொரு மழை இருந்தது. ஆலங்கட்டியில் இரண்டு எஞ்சின்களும் அணைய, விமானி பெங்காவான் சோலோ ஆற்றில் இறக்கினார். பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்ற அனைவரும் பிழைத்தார்கள்.

மின்னலுக்குத் தனிக் கணக்கு

ரேடாருக்கு மின்னல் தெரியாது. மழை கனத்த மேகத்தில் மின்னலும் இருக்கும் என்ற அனுமானம்தான் விமானியைக் காப்பாற்றுகிறது. அந்த அனுமானமும் எப்போதும் பலிக்காது. 1980 முதல் 1986 வரை அமெரிக்காவின் நாசா, எஃப்-106 என்ற பழைய போர்விமானத்தை இடிமேகங்களுக்குள் அனுப்பி 700-க்கும் மேற்பட்ட மின்னல்களை வேண்டுமென்றே அதன்மேல் வாங்கியது. இரண்டு விஷயங்கள் தெளிவாயின. தாக்கிய மின்னல்களில் பெரும்பாலானவை விமானம் அங்கே போனதால்தான் தொடங்கின. மின்னேற்றம் கூடிய மேகத்தில் நுழைந்த உலோக உடலே மின்னலைத் தூண்டிவிட்டது. அடுத்தது, மழையும் கொந்தளிப்பும் குறைவாக இருந்த உயரமான பகுதிகளிலும் மின்னல் அடிக்கடி தாக்கியது. ரேடாரில் அந்த இடம் பச்சையாகக்கூட இருந்திருக்காது.

அதனால் மின்னலைத் தவிர்ப்பதோடு தாங்கிக்கொள்ளவும் விமானத்தைத் தயார் செய்திருக்கிறார்கள். பயணிகள் விமானம் ஒன்றைச் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை மின்னல் தாக்குகிறது. மின்சாரம் வெளித்தகட்டின் வழியே ஓடி வால் பக்கமோ சிறகு நுனியிலோ வெளியேறிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வெளிச்சமும் சத்தமும்தான். இந்த நிலைமை சும்மா வந்துவிடவில்லை. 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் எல்க்டன் அருகே பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707-ஐ மின்னல் தாக்கி, சிறகுத் தொட்டியில் இருந்த எரிபொருள் ஆவி பற்றிக்கொண்டது. 81 பேர் இறந்தார்கள். எரிபொருள் தொட்டிகளின் பாதுகாப்பு விதிகள் அதன் பிறகு இறுகின.

விமானத்தில் மின்னலுக்கு எளிதில் இடம் கொடுக்கும் பகுதி, ரேடார் இருக்கும் மூக்கேதான். மூக்கை உலோகத்தால் செய்தால் ரேடார் அலை வெளியே போகாது. அதனால் ரேடோம் என்ற அந்த மூடியைக் கண்ணாடி இழையால் செய்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல: அச்சில் இழைத்துணி விரித்து, ரெசினும் ஹார்டனரும் கலந்து ஏற்றி, இறுகவிட்டு எடுப்பது. ரேடோமில் இரண்டு மெல்லிய இழைத்தகடுகளுக்கு நடுவே தேனடை போன்ற அறுகோண அறைகள் கொண்ட உள்ளடுக்கு இருக்கும். கனம் அளவு மாறக் கூடாது. பெயின்ட் ஒரு கோட் கூடினாலும் அலை வழுவும். ஆலங்கட்டியோ பறவையோ மோதி மயிரிழை விரிசல் விட்டு, அந்த அறைகளுக்குள் ஈரம் புகுந்துவிட்டால், வெளியே மழை இல்லாதபோதும் ரேடார் மங்கும். மின்னலுக்காக, மூக்கின் நுனியிலிருந்து பின்னோக்கி ஓடும் உலோகப் பட்டைகளை வெளிப்புறத்தில் ஒட்டியிருப்பார்கள். தாக்கும் மின்னல் இழையைத் துளைக்காமல் பட்டை வழியே விமானத்தின் உலோக உடலுக்குப் போய்ச் சேரும். விமான நிலையத்தில் கண்ணாடி வழியே மூக்கைக் கவனித்தால் இந்தப் பட்டைகளைப் பார்க்கலாம்.

துறைமுகத்தின் உச்சியிலிருந்து

விமானியின் ரேடாருக்குத் தெரியாததைத் தரையில் இருக்கும் பெரிய ரேடார் ஈடு செய்யும். சென்னையில் 1973-இல் புயல் கண்டறியும் ரேடார் வந்தது. 2002-இல் அதற்குப் பதிலாக ஜெர்மன் தயாரிப்பான டாப்ளர் ரேடார் துறைமுகத்தில் இயங்கத் தொடங்கியது. இந்திய வானிலைத் துறையின் முதல் டாப்ளர் ரேடார் அது. மழை எங்கே, எவ்வளவு என்பதோடு, துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, என்ன வேகத்தில் என்பதையும் அது சொல்லும். சென்னை வானிலைத் துறையில் நெடுங்காலம் ரேடார் பணியில் இருந்த எஸ். ராகவன், ரேடார் வானிலையியல் பற்றி எழுதிய பெரிய ஆங்கில நூல் 2003-இல் வெளிவந்தது. இந்தியப் பெருங்கடல் புயல்களையும் நம் பருவமழையையும் ரேடாரில் பார்த்தவரின் அனுபவம் அதில் இருக்கிறது.

10 சென்டிமீட்டர் அலையானதால் கனமழையிலும் துறைமுக ரேடார் அதிகம் மங்காது. ஆவடி மேல் ஒரு மேகம் நின்றால் அதற்குப் பின்னால் திருவள்ளூரில் நிற்கும் மேகமும் அதில் தெரியும். மேற்கிலிருந்து வரும் விமானியின் திரையில் முதலில் தெரிவது திருவள்ளூர் மேகம். ஆவடி மேகம் அதன் மறைவில். இரண்டு பேரும் ஒரே மழையை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். அந்த இரண்டு பார்வையும் ஒன்றுசேர வேண்டிய இடம் விமான நிலைய வானிலை அலுவலகமும் கட்டுப்பாட்டு மையமும்.

கண்ட பிறகும் வழி வேண்டும்

2025 மே 21 மாலை. டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போய்க்கொண்டிருந்த இண்டிகோவின் ஏ321 விமானத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பதான்கோட் அருகே 36,000 அடியில் முன்னால் இடிமேகம். விமானிகள் அதைக் கண்டுகொண்டார்கள். இடப்பக்கம், எல்லையை ஒட்டி, விலகிப் போக விமானப்படையின் வடக்குக் கட்டுப்பாட்டு மையத்திடம் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. லாகூரிடம் கேட்டார்கள், இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி ஏப்ரல் முதலே மூடப்பட்டிருந்தது, அங்கும் மறுப்பு. திரும்பிவிடலாம் என்று பார்த்தபோது மேகம் நெருங்கிவிட்டது. உள்ளேயே போய், மிகக் குறுகிய வழியில் வெளியேற முடிவு செய்தார்கள். ஆலங்கட்டி கொட்டியது. வேகமானிகள் முன்னுக்குப் பின் முரணாகக் காட்டின, தானியங்கிக் கட்டுப்பாடு விலகியது, விமானம் ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் இறங்கியது என்று விமானப் போக்குவரத்து இயக்ககம் பின்னர் அறிவித்தது. கையால் ஓட்டி ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. மூக்கின் ரேடோம் சிதைந்திருந்த படத்தை மறுநாள் நாடே பார்த்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 10 இரவு திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா ஏ320 விமானம் சென்னைக்குத் திருப்பப்பட்டது. அதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் இருந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு இருக்கலாம் என்ற ஐயமும் வழியில் மோசமான வானிலையும் காரணம் என்றது நிறுவனம். கோளாறு வானிலை ரேடாரில் என்று செய்திகள் கூறின. விமானம் சென்னை வானில் நெடுநேரம் வட்டமிட்டு, முதல் முறை இறங்காமல் மேலெழும்பி, அடுத்த முறை இறங்கியது. முன்னால் இருப்பது தெரியாமல் ஆகஸ்ட் மாத இரவில் டெல்லி வரை போவதைவிடச் சென்னையில் இறங்குவது மேல். மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 ஜூலை 5 அன்று, கல்கத்தாவிலிருந்து சீனாவின் சோங்சிங் போகக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் சரக்கு விமானமும், ரேடாரில் வானிலை தெரியவில்லை என்று கண்டதும் கல்கத்தாவுக்கே திரும்பியது.

இந்தச் சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பதான்கோட்டில் மேகம் தெரிந்தது. விலக இடம் கிடைக்கவில்லை. சென்னையிலும் கல்கத்தாவிலும் விலக இடம் இருந்தது, மேகம் தெரியவில்லை. தெரிந்துகொள்வது, விலகுவதற்கு நேரம், விலகுவதற்கு வானம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ரேடாரால் பயன். ஆவடி மேகத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு விமானம் இருபது நிமிடம் தாமதமாக மீனம்பாக்கத்தில் இறங்கும் மாலைகளில் இந்த மூன்றும் சரியாக அமைந்திருக்கின்றன. அதனால்தான் அது செய்தியாவதில்லை.

மழையைக் காட்டும் ரேடாருக்குக் காற்றும் தெரிந்தால்? 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸ் நகரில் தரையிறங்க வந்த டெல்டா நிறுவனத்தின் விமானம், ஒரு சிறிய மழையின் அடியில் திடீரெனக் கீழே வீசிய காற்றில் அகப்பட்டுத் தரையில் மோதியது. அந்தக் காற்றை முன்கூட்டியே கண்டு எச்சரிக்கும் ரேடார் 1994-இல் விமான மூக்குக்குள் வந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் நடந்ததை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)